பிள்ளைக்குப் பால் கேட்டு அழுதவர்கள் யார், தெரியுமா?

விடியற்காலை மூன்று மணி. ஊர் தூங்கும் நேரத்தில் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பகல் தொடங்கிவிடும். லாஞ்சுகள் வரிசைகட்டி நிற்க, ஐஸ் பெட்டிகள் திறக்க, ஏலக்குரல் எழும். வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி என்று கூடை கூடையாக விலை ஏறும். அங்கே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பேரம் பேசும் பெண்களில் பலர், தூங்கும் பிள்ளையை மாமியாரிடமோ மூத்த மகளிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள்.

அந்தப் பிள்ளை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் சுடச்சுடப் பொங்கல் சாப்பிடும். மதியம் சோற்றோடு முட்டை. கையில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு. வீட்டு பீரோவில் தடுப்பூசி அட்டை. எல்லாம் சாதாரணம், இல்லையா?

இல்லவே இல்லை! அந்தப் பொங்கலுக்குப் பின்னால் நூறு ஆண்டுச் சண்டை இருக்கிறது. அந்த முட்டைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்தத் தழும்புக்காக வழக்கே நடந்திருக்கிறது!

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் பிள்ளையின் அழுகை தெருமுனையைத் தாண்டாது. அது கோட்டை வரைக்கும் கேட்க வேண்டுமென்றால், பெரியவர்கள் யாராவது அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும். அப்படிக் குரல் கொடுத்தவர்களின் கதைதான் இது. படிக்கப் படிக்க வியப்பு!

டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, தெரியுமா?

பொது சுகாதாரம், மருத்துவமனை, மருந்தகம் மூன்றும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆறாவது இனத்தைப் புரட்டிப் பாருங்கள்! நம் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றி முடிவெடுக்கும் முதல் உரிமை மாநில அரசுக்குத்தான். காசிமேட்டிலிருந்து அந்த அரசு இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எத்தனை தூரம்? ஐந்தாறு கிலோமீட்டர். கூப்பிடு தூரம்!

வடசென்னையின் பெரிய ஆஸ்பத்திரி ஒரு கஞ்சித் தொட்டியில் பிறந்தது, தெரியுமா?

1782. சென்னையைச் சுற்றிலும் பஞ்சம். பசியோடு ஊருக்குள் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வடசென்னையில் ஒரு சத்திரம் எழுந்தது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது ‘மோனிகர் சத்திரம்’ ஆனது. கஞ்சிக்கு வந்தவர்களுக்கு மருந்தும் தேவைப்பட்டதால் 1799-ல் அங்கே மருத்துவமனையும் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. இன்று நாம் ஸ்டான்லி என்று சொல்வது அதே இடத்தைத்தான்!

எவ்வளவு பெரிய பாடம் பாருங்கள்! முதலில் கஞ்சி, பிறகு மருந்து. பசியும் நோயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று வடசென்னை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. பக்கத்திலேயே ராயபுரத்தில் 1880-லிருந்து பிரசவம் பார்க்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் இருக்கும் அந்தக் கட்டடத்தில்தான் காசிமேட்டுக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறை பிறந்திருக்கிறது.

ஓர் அணாவில் ஒரு புரட்சி நடந்தது, தெரியுமா?

1920. சென்னை மாநகராட்சிக்குத் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று நிபந்தனை. ஓர் அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு! அந்த ஓர் அணாவில் வகுப்பறைகள் நிறைந்தன. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று ஆங்கிலேய அரசு கை விரித்தது. 1925 ஏப்ரல் 1-ம் தேதி சாப்பாடு நின்றது. சமையல் சரியில்லை என்றோ பிள்ளைகள் வரவில்லை என்றோ நிற்கவில்லை. எந்தக் கணக்கில் செலவை எழுதுவது என்ற ஒரே கேள்வியில் நின்றது!

குழந்தைகளுக்காகப் பேசுகிறவர்கள் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய தேதி இது. நல்ல எண்ணம் மட்டும் போதாது. பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும். அந்த வரியை யாரும் அழித்துவிடாமல் காவல் காக்கவும் வேண்டும். தியாகராயர் பெயரைச் சொன்னால் தி.நகர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் ஒரு கல்லூரியே இருக்கிறது. 1920-ல் அவர் தொடங்கி வைத்த சோற்றுக்குத்தான் இன்று நம் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

சட்டமன்றத்தில் ஏறிய முதல் பெண் என்ன கேட்டார், தெரியுமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927-ல் சென்னை சட்ட மேலவையில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தேவதாசி ஒழிப்புக்கு அவர் போராடியது தெரியும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தது தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையாக மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று மன்றாடியது தெரியுமா?

மருந்துச் சீட்டு எழுதிய கை மசோதாவும் எழுதியது! நோயாளியை ஒவ்வொருவராகப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐம்பது பேரைப் பார்க்கலாம். சட்டமன்றத்தில் எழுந்து நின்றால் ஒரு மாகாணத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பார்க்கலாம். இன்று நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு வங்கிக் கணக்கில் வரும் மகப்பேறு நிதிக்கு அவர் பெயர்தான். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று ஏறியது. கேட்கக் கேட்க ஏறியிருக்கிறது!

இந்தியாவின் முதல் பொது சுகாதாரச் சட்டம் நம்முடையது, தெரியுமா?

1939-ம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம்! நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே வந்தது. தாய் சேய் நலத்துக்கென்று அதில் தனி அத்தியாயமே உண்டு. தாய்க்கும் சேய்க்கும் செய்ய வேண்டியதைச் செய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது சட்டம். கடமை! வார்டு அலுவலகத்துக்கு மனுவோடு போகிற ஒவ்வொரு தாயும் தலை நிமிர்ந்தே போகலாம். அவர் கேட்பது சலுகை அல்ல.

எட்டயபுரத்துக்கும் பாப்பாக்குறிச்சிக்கும் என்ன ஒற்றுமை, தெரியுமா?

இரண்டும் உலை கொதித்த ஊர்கள்! 1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது பாரதி பிறந்த எட்டயபுரத்தில். அப்போது பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊர் ஊராகப் போய் மாநாடு கூட்டி, அரிசியும் பருப்பும் பெஞ்சும் கரும்பலகையும் மக்களிடமே கேட்டு வாங்கிய மனிதர் அவர். அரசாங்கம் ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு என்று அடுப்பு எரிந்தது.

1982 ஜூலை 1. திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தானே சிறுவயதில் பசியில் வாடியவர். முதலில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு, 1984-ல் பதினைந்து வயது வரைக்கும் என்று இரண்டே ஆண்டில் மாநிலம் முழுக்கப் பந்தி விரிந்தது. இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. அந்தச் சோற்றைச் சாப்பிட்ட பிள்ளைகள்தான் இன்று நர்சம்மாக்களாக, ஆசிரியர்களாக, என்ஜினியர்களாக நம்மிடையே நடமாடுகிறார்கள்!

முட்டை ஒரே நாளில் வந்துவிடவில்லை, தெரியுமா?

1989-ல் கருணாநிதி ஆட்சியில் சத்துணவில் முட்டை முதன்முதலாகச் சேர்ந்தது. எத்தனை? இரண்டு வாரத்துக்கு ஒன்று! பிறகு வாரம் ஒன்று. 2006-ல் வாரம் இரண்டு. 2007-ல் மூன்று. 2010-ல் ஐந்து. பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை! முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

இருபத்தோரு ஆண்டுகளில் பதினான்கு நாளுக்கு ஒன்று என்பது நாளுக்கு ஒன்று ஆனது. சத்துணவில் ஒரு கட்சி தொடங்கியதை அடுத்த கட்சி நிறுத்தவில்லை, கூட்டியது. எல்லாக் கட்சிக்கும் பிள்ளைகளின் தட்டு பொதுவானது. தமிழ்நாட்டு அரசியலில் நாம் பெருமையோடு மார்தட்டிச் சொல்லக்கூடிய அதிசயம் இது!

ஒரு தராசு உலக வங்கியைத் திரும்பிப் பார்க்க வைத்தது, தெரியுமா?

அங்கன்வாடி என்பது அரசாங்கப் பெயர். காசிமேட்டில் இன்றைக்கும் ‘பால்வாடி’தான். மாதம் ஒரு முறை அங்கே எடை பார்க்கும் நாள் வரும். கொக்கியில் தராசு தொங்கும். ஜட்டி போல் தைத்த துணிப்பையில் பிள்ளையை உட்கார வைத்துத் தொங்கவிடுவார்கள். அது கால்களை உதைத்துக்கொண்டு வீறிடும். முள் ஆடும். ஆயாம்மா கை தட்டிச் சிரிக்க வைப்பார். முள் நிற்கும் ஒரு நொடியில் டீச்சர் எண்ணைப் பிடித்து, அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். போன மாதப் புள்ளியோடு கோடு சேர்ப்பார். கோடு மேலே போனால் முகம் மலரும். படுத்தால், “இன்னாம்மா, ரெண்டு மாசமா ஏறவே இல்லியே, வயித்தால போச்சா?” என்று விசாரணை தொடங்கும்.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் பெரிய கதை! 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கியது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். தாய்க்கு அறிவுரையும் கொடுத்தார்கள். பிள்ளை மெலிந்த பிறகு ஓடுவதை விட, மெலியத் தொடங்கும் மாதத்திலேயே பிடித்துவிடுவது! உலகெங்கும் ஊட்டச்சத்துப் பாடங்களில் இந்தத் திட்டம் இடம்பிடித்தது.

இன்னொரு பெயரும் மறக்கக் கூடாதது. சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன். பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்த தேசியக் குழுவுக்கு அவர் தலைவர். 1972-ல் அந்தக் குழு தந்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடித் திட்டம் பிறக்க வழி வகுத்தது. ஓர் அறிக்கை லட்சக்கணக்கான பால்வாடிகளாக முளைத்தது!

தமிழ்நாட்டுத் தட்டு இந்தியாவின் தட்டானது, தெரியுமா?

2001-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அரசுக் கிடங்குகளில் தானியம் மலைபோல் குவிந்திருக்க, மக்கள் பசியில் வாடுவது நியாயமா என்று கேட்டது. அந்த ஆண்டு நவம்பர் 28-ல் இடைக்கால ஆணை. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்கக் கல்வி படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைத்த மதிய உணவு. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாளாவது!

இது நடக்கிற காரியமா என்று தயங்கிய மாநிலங்களுக்குக் காட்ட ஓர் ஊர் இருந்தது. இருபது ஆண்டுகளாக நடத்திக் காட்டிய தமிழ்நாடு! கடலைத் தாண்டியும் பாருங்கள். இங்கிலாந்தில் 1906-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடச் சட்டம் வந்தது. இலங்கையில் 1973-லிருந்து ‘திரிபோஷ’ என்ற சத்துமாவு தாய்க்கும் சேய்க்கும் போகிறது. எந்த ஊரானாலும் பசிக்குப் பதில் ஒன்றுதான்.

போலியோவைத் துரத்தும் வழியை வேலூர் காட்டியது, தெரியுமா?

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜான் ஒரு புதிரோடு மல்லுக்கட்டினார். மேலை நாடுகளில் மூன்று தவணைச் சொட்டு போதுமாக இருக்க, நம் பிள்ளைகளுக்கு ஏன் போதவில்லை? ஆராய்ந்து பார்த்து, நம் மண்ணுக்குக் கூடுதல் தவணை தேவை என்றார். ஒரே நேரத்தில் ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை 1980-களின் தொடக்கத்திலேயே வேலூரில் செய்து காட்டினார். அரசாங்கங்களிடம் சொல்லிச் சொல்லி ஓயவில்லை.

1995-ல் நாடு முழுக்க போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தது. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. காசிமேட்டுத் தெருக்களில் ‘போலியோ சொட்டு மருந்து போட வாங்கம்மா’ என்று ஆட்டோவில் ஒலித்த குரல் இன்னும் காதில் இருக்கிறது அல்லவா? அந்தக் குரலின் வேர் வேலூரில்!

இன்னொன்று: ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் பெண்டாவேலன்ட் தடுப்பூசி, அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதன்முதலாக வந்த இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும்தான்.

கையிலுள்ள தழும்புக்கு வழக்கு நடந்தது, தெரியுமா?

காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி மருந்தைத் தயாரிக்க 1948-லேயே கிண்டியில் ஆய்வகம் திறந்தார்கள். பல பத்தாண்டுகள் நாட்டின் பிள்ளைகளுக்கு மருந்து போனது அங்கிருந்துதான். 2008-ல் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தயாரிப்பு உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. மருத்துவர்களும் தொழிலாளர்களும் பொதுநல ஆர்வலர்களும் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2010-ல் உரிமம் திரும்பக் கிடைத்தது! வந்ததைக் காப்பாற்றவும் குரல் வேண்டும் என்பதற்கு 1925 ஒரு சாட்சி, 2008 இன்னொரு சாட்சி.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கதவு திறந்தது, தெரியுமா?

2015 ஆகஸ்ட் 3-ம் தேதி தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. ஒன்றிரண்டல்ல, 352! முந்தானைக்குள் பிள்ளையை மறைத்துக்கொண்டு தூண் மறைவு தேடிய தாய்க்கு ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு நாற்காலி. கொள்கை என்றால் தடித்த புத்தகம் என்று நினைக்கிறோம். சில நேரம் கொள்கை என்பது ஒரு தாழ்ப்பாள்!

காது கேளாத பிள்ளைக்கு மாநிலம் காது கொடுத்தது, தெரியுமா?

பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு உள்காதில் கருவி பொருத்தினால் கேட்கும், பேச்சும் வரும். ஆனால் செலவு பல லட்சம். கூலி வேலை செய்யும் தகப்பன் எங்கே போவான்? தமிழ்நாட்டின் அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சையைச் சேர்த்துக்கொண்டது. ‘அம்மா’ என்று கூப்பிட ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு வந்தது, காப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரி கூடியதால்!

காலைப் பொங்கல் ஒரு கேள்வியில் பிறந்தது, தெரியுமா?

சென்னை அசோக் நகர் பெண்கள் பள்ளிக்குப் போன முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பிள்ளைகளிடம் காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். காலையில் சாப்பிடுவதில்லை என்ற பதில் வந்தது. 2022 மே 7-ல் சட்டமன்றத்தில் விதி 110-ன் கீழ் அறிவிப்பு. செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடக்கம்: 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் விரிவாக்கம்: 31,008 பள்ளிகள், ஏறத்தாழ 17 லட்சம் பிள்ளைகள்! 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது.

காசிமேட்டில் இதன் அருமை வேறு. ஏலத்துக்கு இரவோடு இரவாகப் போன அம்மா, மீனை விற்று வீடு திரும்ப வெயில் ஏறிவிடும். முன்பெல்லாம் பிள்ளைக்குக் காலையில் ஒரு டீயும் பொறையும்தான். இப்போது தட்டில் ஆவி பறக்கும் பொங்கலும் சாம்பாரும். முதல் கவளத்தை ஊதி ஊதி வாயில் போட்டு, கன்னம் உப்ப மெல்லும் ஒரு முதல் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சாம்பாரில் கிடக்கும் கேரட்டை ஒதுக்குவான். பரிமாறும் அக்கா அதட்டுவார். முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவான். ஒரு மாநிலத்தின் கொள்கை ஒரு பிள்ளையின் தொண்டைக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்!

ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய்க்குத் தடை, தெரியுமா?

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. காரணம் ரோடமின்-பி. துணிக்குப் போடும் சாயம்! சென்னைக் கடற்கரையில் எடுத்த மாதிரிகளைக் கிண்டி ஆய்வகத்தில் சோதித்தபோது சிக்கியது. விஷத்தின் இன்னொரு கதை இது: சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையான 756 பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. டெசிலிட்டருக்குச் சராசரி 11.4 மைக்ரோகிராம் ஈயம்! ஈயம் கூடக் கூடப் பிள்ளைகளின் கவனமும் நடத்தையும் பாதிக்கப்படுவதை அது காட்டியது. பெட்ரோலில் ஈயம் 2000-ல் நின்றது. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. விதி வந்தால் விஷம் குறையும்!

இன்னும் கேட்க வேண்டியவை எவை, தெரியுமா?

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறந்தவை, தமிழ்நாட்டில் 2005-ல் 37. 2020-ல் 13! நாட்டின் சராசரி அதே ஆண்டில் 28. இத்தனை பேர் குரல் கொடுத்ததன் பலன் இது. ஆனால் ஓய்ந்து உட்கார நேரமில்லை.

ரத்தசோகை! தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 2015-16-க்கும் 2019-21-க்கும் இடையே நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 50.7 சதவீதத்திலிருந்து 57.4 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். நூற்றுக்கு 25 பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தட்டில் இரும்புச்சத்து இன்னும் ஏற வேண்டும்.

காற்று! பச்சிளம் குழந்தை நிமிடத்துக்குச் சுமார் 40 தடவை மூச்சு விடும், பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் அந்தச் சின்ன நுரையீரலுக்குள் எது போகிறது? நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு அளவு, கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் நாட்டு விதி அனுமதிப்பது 40. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய தாய்மார்களை மறக்க முடியுமா? விடிந்ததும் அதே தாய்மார்கள்தான் ஆலை வாசலில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். ஒவ்வொரு பள்ளி வாசலிலும் காற்றின் அளவைக் காட்டும் பலகை, ஆலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை என்று கேட்டால் என்ன?

மே மாதம்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சு கரையில், கையில் காசில்லை. அதே மே மாதம் பள்ளிக்கூடமும் விடுமுறை, சத்துணவு அடுப்பும் அணைந்திருக்கும். இரண்டும் ஒன்றாக வந்து பிள்ளையின் வயிற்றில் இடிக்கின்றன! 2004-ல் உச்ச நீதிமன்றம், வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. வானம் பொய்த்த ஊருக்கு விடுமுறையிலும் சோறு என்றால், கடலுக்குப் போகக் கூடாத மாதத்தில் மீனவக் குப்பத்துக்கும் அந்த நியாயம் பொருந்தும்தானே? இதை எழுதி மனுவாகக் கொடுக்கக் காசிமேட்டை விடத் தகுதியான ஊர் எது!

எங்கே கேட்பது, தெரியுமா?

வழி இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் கிராம சபையைப் போல ஏரியா சபை கூடுகிறது. உங்கள் கவுன்சிலர் வந்து உட்காரும் கூட்டம் அது. பால்வாடிக்குக் குடிநீர், சுகாதார நிலையத்துக்குக் குழந்தை மருத்துவர் என்று அங்கே எழுந்து சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அடுத்தது சட்டமன்றம். ஆண்டுதோறும் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். முடிவில் அமைச்சர் புது அறிவிப்புகளை வாசிப்பார். அதற்குச் சில மாதம் முன்பே உங்கள் எம்.எல்.ஏ. கையில் மனு இருக்க வேண்டும். அறிவிப்பு வந்தால் போதாது, அரசாணை வர வேண்டும். அரசாணை வந்தால் போதாது, நிதி ஒதுக்கீடு வர வேண்டும். ஓர் அணாவுக்குக் கணக்கு இல்லாமல் நின்ற 1925-ஐ நினைவில் வையுங்கள்!

மனுவில் கண்ணீரோடு கணக்கும் இருக்கட்டும். எத்தனை பிள்ளைகள், எந்தத் தெரு, எத்தனை மாதமாக எடை ஏறவில்லை. பால்வாடி அட்டையிலுள்ள அந்தப் புள்ளிகளை விடப் பெரிய சாட்சி உண்டா?

ஏலத்தில் வாய் திறக்காமல் நின்றால் மீன் கிடைக்காது என்பது காசிமேட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலை இருட்டில், நூறு குரலுக்கு நடுவே தன் குரலைக் கேட்க வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்தக் குரல் பிள்ளைகளுக்காக எழுந்தால் எப்படி இருக்கும்!

கோட்டை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. கூப்பிடுவோம்!